நாய்க்கு ஈஸ்ட் தொற்றா? மருந்து கொடுப்பதில் நாம் சறுக்கும் இடங்கள்

காதுக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோனாலே புளித்த வாடை. விரலிடுக்கை ஓயாமல் நக்கி நக்கி ரோமமே செம்பழுப்பாகியிருக்கும். பார்த்ததும் வீட்டில் கிடக்கும் படைக் களிம்பைத் தேடுகிறோம் இல்லையா, தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. மனிதர்களுக்கான அந்தக் களிம்புகள் சிலவற்றில் பூஞ்சை மருந்தோடு வீரியமான ஸ்டீராய்டும் இருக்கும். அரிப்பு சட்டென்று அடங்கும், தொற்று அடங்காது. தடவியதில் பாதியை நாய் நக்கி விழுங்கியும்விடும்.

மலசீசியா என்ற இந்த ஈஸ்ட், அதாவது ஒரு வகை நுண் பூஞ்சை, ஆரோக்கியமான நாயின் தோலிலும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். அளவு மீறிப் பெருகினால்தான் தொல்லை. பாக்டீரியாத் தொற்றும் பார்வைக்கு இதே மாதிரி இருக்கும் என்பதால் வாடையை மட்டும் நம்பக் கூடாது. ஒட்டும் டேப்பால் தோலிலிருந்து மாதிரி எடுத்து, சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். முன்பு படைக்கு வாங்கிய கிரிசியோஃபுல்வின் மிச்சம் இருந்தாலும் எடுக்காதீர்கள். அது ஈஸ்டிடம் வேலை செய்யாது.

அடுத்தது ஷாம்பு. பலர் கோட்டை விடுவது இங்கேதான் என்பேன். மைக்கோனசோலும் குளோர்ஹெக்சிடினும் தலா 2 சதவீதம் சேர்ந்த ஷாம்பு நல்ல மருந்துதான். ஆனால் நுரை தோலில் 10 நிமிடம் ஊற வேண்டும். 2 நிமிடத்தில் கழுவிவிட்டு "மருந்து சரியில்லை" என்றால் எப்படி? போனில் டைமர் வையுங்கள். பாதம், அக்குள், கழுத்து மடிப்பு என மோசமான இடங்களில் முதலில் தேய்த்தால், மற்ற இடங்களை முடிப்பதற்குள் அவை நன்றாக ஊறிவிடும். காத்திருக்கும்போது நக்க விடாதீர்கள். பொதுவாக வாரம் 2 முறை.

பூஞ்சைக்கு மருத்துவர் எழுதும் மாத்திரையின் அளவு எடையைப் பொறுத்தது, அதனால் பெரிய நாய்க்கு எழுதியதைப் பாதியாக உடைத்துச் சின்னதற்குக் கொடுப்பது ஆபத்து. கீட்டோகோனசோல் மாத்திரையையும் இட்ரகோனசோல் கேப்சூலையும் சாப்பாட்டோடு கொடுத்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்து கூடவே போனால் அப்படிச் சேர்வது குறைந்துவிடும். இந்தப் பூஞ்சை மருந்துகள் ஐவர்மெக்டின் (ஒட்டுண்ணி மருந்து), சைக்ளோஸ்போரின் (நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து) போன்றவற்றின் அளவை ரத்தத்தில் கூட்டக்கூடியவை. ஆகவே உண்ணி மருந்து உட்பட நாய் எடுத்துக்கொள்ளும் எல்லாவற்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். சினையாக இருந்தால் அதையும்தான். ஒரு வேளை மறந்துபோனால் அடுத்த வேளை இரண்டாகக் கொடுக்காதீர்கள். சாப்பாட்டை ஒதுக்குவது, வாந்தி, ஈறோ கண்ணோ மஞ்சளாவது, இதில் ஏதாவது தெரிந்தால் கல்லீரல் பாதிக்கப்பட்டிருக்கலாம். மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

காதுக்கு ஒரு எச்சரிக்கை: செவிப்பறை கிழியாமல் இருக்கிறதா என்று மருத்துவர் பார்க்கும் முன் எதையும் உள்ளே ஊற்றாதீர்கள். காது குடையும் பஞ்சுக் குச்சி அழுக்கை இன்னும் உள்ளே தள்ளும்.

அப்புறம், வாடை போனதும் மருந்தை நிறுத்துவது. மாத்திரை பெரும்பாலும் 3, 4 வாரம் போகும். நிறுத்தலாமா என்பதை மறுபடி எடுக்கும் டேப் மாதிரிதான் சொல்லும். அதற்குப் பிறகும் 2 மாதத்தில் திரும்பி வந்தால் மருந்தின் மேல் பழி போடாமல், ஒவ்வாமையோ தைராய்டு குறைவோ பின்னால் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.