பரிசல் படம் பென்சில் ஓவியமான விதம்

ஒகேனக்கல்லில் எடுத்த பரிசல் படத்தைக் கோட்டோவியமாக்க முனைந்தபோது, ஃபோட்டோஷாப்பில் ஓவிய விளைவுகளைத் தரும் ஃபில்டர் கேலரி, தேர்வு செய்ய முடியாதபடி மங்கிக் கிடந்தது. படத்தின் நிற ஆழம் (நிற விவரங்களைச் சேமிக்கும் அளவு) 16 பிட்டில் இருந்ததே காரணம். இமேஜ் மெனுவின் மோடு பகுதியில் 8 பிட்டுக்கு மாற்றியதும் திறந்தது. அடுத்து, அதிலுள்ள ஸ்கெட்ச் வகை ஃபில்டரான கிராஃபிக் பென்னின் கோடுகள் செந்நிறத்தில் விழுந்தன. ஸ்கெட்ச் ஃபில்டர்களில் பெரும்பாலானவை கருவிப்பட்டையிலுள்ள முன்புற, பின்புற நிறங்களையே எடுத்துக்கொள்வதால், ‘டி’ விசையை அழுத்திக் கறுப்பு வெள்ளைக்குத் திரும்பினேன்.

இருந்தும் அருவி நுரையும் பாறை வரிகளும் ஒரே கிறுக்கலாகிப் பரிசலின் விளிம்பை விழுங்கின. ஆகவே படத்தின் நிறத்தை நீக்கி, லேயரை (பட அடுக்கை) நகலெடுத்து, நகலை இன்வெர்ட் செய்து (ஒளியையும் இருளையும் தலைகீழாக்கி), கீழுள்ள லேயரை வெளிறச் செய்யும் கலர் டாட்ஜ் கலப்பு முறையில் வைத்தேன்; ஏறக்குறைய முழுவெள்ளையாகிவிட்ட படத்தில், அந்த நகலில் காஸியன் பிளர் என்னும் மங்கலாக்கும் ஃபில்டரைச் சிறிது சிறிதாகக் கூட்டக் கூட்ட, மூங்கில் பின்னல் மெல்லிய பென்சில் கோடுகளாகத் தெளிந்தது. ஆயத்த ஃபில்டரைவிட இதுவே என் கண்ணுக்கு நிறைவு. நுரையில் மிஞ்சிய கிறுக்கலைத் தனி லேயரில் வெள்ளைத் தூரிகையால் மறைத்துவிட்டேன்.