குளிர்கால ட்ரவுட்டுக்குச் சிவப்பு மிட்ஜ் புழு

நியூ மெக்சிகோவில் நவாஹோ அணைக்குக் கீழே ஓடும் சான் ஹுவான் ஆறு, அணையின் ஆழத்திலிருந்து நீர் பெறுவதால் கடுங்குளிரிலும் உறைவதில்லை. அங்கே குளிர்காலத்தில் ட்ரவுட் மீன்கள் பெரிதும் நாடுவது மிட்ஜ் என்னும், கொசுவைப் போன்ற, ஆனால் கடிக்காத சிறு பூச்சியின் புழுக்களை. அவற்றுள் பலவற்றுக்கு ஹீமோகுளோபினால் சிவப்பு நிறம் உண்டு என்பதால், அவற்றைப் போன்ற செயற்கை இரையைக் கட்ட, 20 அல்லது 22ஆம் எண் கொண்ட மிகச் சிறிய தூண்டில் முள்ளில் சிவப்பு நூலை ஒரே அடுக்காகச் சுற்றி, அதன்மேல் மெல்லிய செம்புக் கம்பியை இடைவெளி விட்டுச் சுருளாக ஏற்றி முடிச்சிட்டால் போதும். இரையின் உடல் தடித்துவிட்டால் பிரித்துவிட்டு மீண்டும் கட்டுவதே நல்லது.

குளிர்ந்த நீரில் மீன் இரையைத் துரத்தாது. ஆகவே முள்ளுக்குச் சற்று மேலே சிறு எடைக் குண்டைப் பொருத்தி, மெதுவாக ஓடும் ஆழமான பகுதிகளில், அடித்தரையை ஒட்டி, நீரோட்டத்தின் வேகத்திலேயே செல்லவிட வேண்டும். மிதவை இலேசாகத் தயங்கினாலும் கோலை மென்மையாக உயர்த்துங்கள், ஏனெனில் மெல்லிய தூண்டில் நரம்பு வெடுக்கென்ற இழுப்பைத் தாங்காது.