கார் ஜன்னலில் காற்றுத் துடிப்பைக் குறைக்க டோர் வைசர் பொருத்தும் முறை

மீஞ்சூரில் வெளிவட்டச் சாலையில் ஏறி வண்டலூர் நோக்கி வேகம் பிடித்த பிறகு, ஒரே ஒரு ஜன்னல் கண்ணாடியை மட்டும் இறக்கினால், காருக்குள் இருப்பவர்களின் காதை ஒரு கனத்த துடிப்பு அடைக்கத் தொடங்கும். அது விசில் போன்ற சத்தமோ சாதாரணக் காற்றிரைச்சலோ அன்று. பெரிய மேளத்தைக் காதோரம் வைத்துச் சீராக அடிப்பதுபோல் நெஞ்சிலும் உணரக்கூடிய அழுத்தம் அது. தாழ்வான கூரையும் சிறிய உள்ளறையும் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார்களிலும், வேகமாக ஓட்டுவதற்கென்று வைத்திருக்கும் போலோ ஜி.டி., ஐ20 என் லைன் போன்ற சிறிய கார்களிலும் இந்தத் தொல்லையைப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். வெளிச்சந்தையில் கிடைக்கும் டோர் வைசரை, அதாவது ஜன்னலின் மேல்விளிம்பை ஒட்டிக் கதவில் பொருத்தும் நீண்ட பிளாஸ்டிக் தகட்டை, சரியாகப் பொருத்தினால் இது பெருமளவு குறையும். வேலை கடினமானதன்று, ஆனால் ஒட்டுவதற்கு முன்னும் பின்னும் காட்ட வேண்டிய பொறுமையில்தான் முழு வெற்றியும் அடங்கியிருக்கிறது.

துடிப்பு எங்கிருந்து வருகிறது

வெற்றுச் சோடா பாட்டிலின் வாயில் பக்கவாட்டில் ஊதினால் 'பூம்' என்று ஒலி எழுவதை எல்லோரும் சிறுவயதில் செய்து பார்த்திருப்போம். ஒரு ஜன்னல் மட்டும் திறந்திருக்கும் காரும் அப்படிப்பட்ட ஒரு பாட்டில்தான். 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிவியலாளர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆராய்ந்த ஒத்ததிர்வு (இயல்பான துடிப்புக்கு ஒத்த தாளத்தில் தள்ளும்போது அதிர்வு பெருகுவது) என்பதால், இதற்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. கார் ஓடும்போது ஜன்னலின் முன்விளிம்பில் காற்றோட்டம் பிய்ந்து, சிறு சுழல்களாக உருண்டு, ஜன்னலைக் கடந்து பின்விளிம்பில் போய் மோதுகிறது. ஒவ்வொரு மோதலும் உள்ளே இருக்கும் காற்றைக் கொஞ்சம் அழுத்தித் தள்ளுகிறது. அந்தக் காற்று சுருள்வில்போல் திரும்ப விரிகிறது.

சிறிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். மணிக்கு 80 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு ஏறத்தாழ 22 மீட்டர். சுழல்கள் அதில் பாதி வேகத்தில், அதாவது விநாடிக்கு 11 மீட்டர் அளவில் நகர்கின்றன. ஜன்னலின் நீளம் அரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால், விநாடிக்கு 22 சுழல்கள் பின்விளிம்பைத் தட்டும். ஒரு சாதாரணக் காரின் உள்ளறைக் காற்று இயல்பாகத் துடிக்கக்கூடிய அளவும் விநாடிக்கு 15 முதல் 25 தடவைக்குள்தான் வருகிறது. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தும் வேகத்தில் துடிப்பு உச்சத்தை அடைகிறது. வேகத்தைக் கூட்டினாலோ குறைத்தாலோ தணிகிறது. மனிதக் காதின் கீழ் எல்லை விநாடிக்கு 20 அதிர்வு என்பதால், இதைச் சத்தமாகக் கேட்பதைவிட அழுத்தமாகவே உணர்கிறோம்.

வைசர் செய்யும் வேலை, காற்று பிய்யும் அந்த முன்விளிம்பை இடம் மாற்றுவதுதான். ஜன்னலுக்கு முன்னாலும் மேலாகவும் நீண்டிருக்கும் அந்தத் தகடு காற்றை ஓரிரு அங்குலம் வெளியே தள்ளிவிடுவதால், சுழல்கள் உள்ளே பாய்வதற்குப் பதிலாகக் கதவின் வெளிப்புறத்தை ஒட்டியே கடந்து போகின்றன. கண்ணாடியை வைசரின் கீழ்விளிம்பு வரை, அதாவது மூன்று நான்கு சென்டிமீட்டர் இறக்கி ஓட்டும்போது இதன் பலன் மிகுதி; முழுவதும் இறக்கிவிட்டால் பலன் குறைந்துவிடும்.

வாங்குமுன் ஒரு சோதனை

பணம் செலவழிப்பதற்கு முன் துடிப்பு எந்த ஜன்னலில் பிறக்கிறது என்று கண்டறியுங்கள். அதிகாலையில், கடற்காற்று எழும்பாத நேரத்தில், பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துக்கொண்டு, வேக வரம்புக்குள் சீராக ஓட்டியபடி, ஒவ்வொரு ஜன்னலாகத் தனித்தனியே அவரைத் திறக்கச் சொல்லி, எந்த வேகத்தில் துடிப்பு தொடங்குகிறது, எதில் அடங்குகிறது என்று அவரையே குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கைப்பேசியின் மைக் இவ்வளவு தாழ்ந்த அதிர்வை நம்பகமாகப் பதிவு செய்யாது; உங்கள் காதே சரியான கருவி. முன் ஜன்னலைத் திறக்கும்போது துடிப்பு வந்தால் வைசர் உதவும். பின் ஜன்னலை மட்டும் திறக்கும்போதுதான் வருகிறதென்றால், முன் ஜன்னலை இரண்டு விரற்கடை இறக்குவதே உடனடித் தீர்வு. உள்ளே அடைபட்ட அழுத்தத்துக்கு இன்னொரு வழி கிடைத்ததும் ஒத்ததிர்வு உடைந்துவிடும். இதற்கு ஒரு பைசாவும் செலவில்லை.

மேற்கூரை முழுவதும் மடங்கித் திறக்கும் கார் (கன்வர்ட்டிபிள்) வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவற்றில் தொல்லை தரும் காற்று, முன் கண்ணாடியின் மேல்விளிம்பைத் தாண்டிப் போய், இருக்கைக்குப் பின்னால் சுழன்று திரும்பி வருவது. அதற்கு இருக்கைக்குப் பின்னால் பொருத்தும் வலைத்தடுப்பே மருந்து. பக்கவாட்டு வைசரால் சிறிதளவே பயன் கிடைக்கும்.

எந்த வகை பொருந்தும்

வைசர்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கதவுச் சட்டத்தின் வெளிப்புறத்தில் இருபக்க டேப்பால் ஒட்டுவது. மற்றொன்று, கண்ணாடி ஏறி இறங்கும் ரப்பர் பள்ளத்துக்குள் வளைத்துச் செருகுவது. செருகும் வகை பார்வைக்கு நேர்த்தியாக இருக்கும். ஆனால் ஒரே தட்டலில் தானாக ஏறும் கண்ணாடி உள்ள கார்களில், இடையில் ஏதோ சிக்கியிருப்பதாகக் கருதிக் கண்ணாடி மீண்டும் இறங்கிவிடும். விரலோ கழுத்தோ நசுங்காமல் காப்பதற்காக வைத்த ஏற்பாடு அது; அதைச் செயலிழக்கச் செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால், குழந்தைகள் ஏறும் காரில் அதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். முதல்முறையாகச் செய்பவர்களுக்கு ஒட்டும் வகையையே பரிந்துரைக்கிறேன்.

மஸ்டாங் போன்ற இரண்டு கதவுக் கார்களில் கண்ணாடியைச் சுற்றிச் சட்டமே இருக்காது. கதவைத் திறக்கும்போது கண்ணாடி சற்றே இறங்கி, மூடியதும் ஏறி ரப்பரில் பதியும். அவற்றில் சாதாரண வைசரை ஒட்ட இடமே இல்லை. மிரரின் அடிப்பகுதிக்குப் பின்னால், ஜன்னலின் முன்மூலையில் ஒட்டும் சிறிய துண்டு அந்த மாடலுக்கென்றே கிடைத்தால் மட்டும் வாங்குங்கள். நகரும் கண்ணாடியின் மேல் எதையும் ஒட்ட வேண்டாம்.

வட சென்னைக்காரர்களான நாம் பெரும்பாலும் கார் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கோ புதுப்பேட்டைக்கோதான் போவோம். கடையில் காரின் பெயரை மட்டும் சொல்லாமல், தயாரிப்பு ஆண்டையும் கதவுகளின் எண்ணிக்கையையும் சொல்லிக் கேளுங்கள். தகட்டை இரு கையாலும் மெல்ல முறுக்கிப் பாருங்கள். துவண்டு போகும் மெல்லிய பிளாஸ்டிக் வேகத்தில் தானே படபடத்து, இருக்கும் துடிப்போடு இன்னொரு சத்தத்தையும் சேர்த்துவிடும். ஓரளவு கனமான அக்ரிலிக் நல்லது. அடர்ந்த கறுப்பைத் தவிர்த்து, மிரர் தெளிவாகத் தெரியும் இளம்புகை நிறத்தைத் தேர்ந்தெடுங்கள்.

நாளும் நேரமும்

நான் முதல்முறை கடையில் கொடுத்து வைசர் ஒட்டியது ஒரு நவம்பர் மாதத்தில், இரண்டு மழைகளுக்கு நடுவே. ஒட்டித் தந்த கடையில் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்ததோடு சரி. ஒன்பதாம் நாள் எண்ணூர் விரைவுச் சாலையில், கன்டெய்னர் லாரி ஒன்றைத் தாண்டும்போது முன்முனை பிரிந்து கதவில் அடிக்கத் தொடங்கியது. பின்னால் இருசக்கர வாகனத்தில் வந்தவர் மீது அது விழாமல் போனது பெரும் நிம்மதி. அன்றிலிருந்து இந்த வேலையை நானே செய்கிறேன்.

காரில் ஒட்டப் பயன்படும் அக்ரிலிக் நுரை டேப்புக்கு ஏற்ற வெப்பநிலை 21 முதல் 38 டிகிரி செல்சியஸ் வரை. மே மாத மதியத்தில் வெயிலில் நிற்கும் காரின் தகரம் கை வைக்க முடியாத அளவு சுடும்; வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஈரம் விடாது. தை, மாசி மாதங்களில் காலை ஒன்பது மணிக்கு மேல், நிழலில் செய்வது சாலச் சிறந்தது.

தேவைப்படும் பொருள்கள் சில: ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், நூல் உதிராத சுத்தமான துணிகள், மாஸ்கிங் டேப், ஹேர் டிரையர். ஆல்கஹால் ரிச்சி தெருவில் சர்க்யூட் துடைப்பதற்கென்றே விற்கிறது.

பொருத்தும் முறை

முதலில் கதவுச் சட்டத்தைச் சோப்பு நீரால் கழுவி, பிறகு வெறும் நீரால் இரண்டு முறை கழுவுங்கள். தண்டையார்பேட்டை, காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் நிறுத்தும் கார்களில் கண்ணுக்குத் தெரியாத உப்புப் படலம் எப்போதும் இருக்கும். துறைமுகச் சாலைகளின் தூசியும் அதனோடு சேர்ந்து பிசுக்காகப் படிந்திருக்கும். இவை ஆல்கஹாலில் மட்டும் போகாது, நீரில்தான் கரையும். நன்றாகக் காய்ந்த பிறகு, ஆல்கஹாலும் தண்ணீரும் சம அளவில் கலந்த கரைசலில் ஒரு துணியை நனைத்து ஒரே திசையில் துடைத்து, அது ஆவியாகும் முன்னரே இன்னொரு உலர்ந்த துணியால் துடைத்தெடுங்கள். துணியில் கறை வராத வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். அதற்குப் பிறகு அந்த இடத்தில் விரல் படக் கூடாது. வைசரின் அக்ரிலிக் தகட்டைச் சோப்பு நீரால் மட்டும் கழுவுங்கள். பெட்ரோலும் தின்னரும் அதில் நுண்விரிசல்களை உண்டாக்கிவிடும்.

அடுத்து, டேப்பின் மேல்தாளை உரிக்காமலேயே வைசரை இடத்தில் வைத்து, மூன்று இடங்களில் மாஸ்கிங் டேப்பால் தற்காலிகமாக நிறுத்துங்கள். அவசரப்படுபவர்கள் தவறவிடுவது இந்தப் படியைத்தான். முன்முனை சட்டத்தோடு இடைவெளியின்றிப் படிந்திருக்கிறதா, கதவை முழுவதும் திறக்கும்போது எங்கும் இடிக்கிறதா, கண்ணாடி தடையின்றி ஏறி இறங்குகிறதா என்று பார்த்த பின், ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து மிரரின் எந்த மூலையும் மறையவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். எல்லாம் சரியாக இருந்தால், வைசரின் மேல்விளிம்பு எங்கே வருகிறதோ அங்கே சட்டத்தில் மாஸ்கிங் டேப்பை ஒரு கோடுபோல் ஒட்டி அடையாளம் வைத்துவிட்டு, வைசரைக் கழற்றுங்கள்.

இப்போது மேல்தாளை இரு முனைகளிலும் ஐந்து சென்டிமீட்டர் மட்டும் உரித்து, உரித்த தாளை வெளிப்பக்கமாக மடித்து நீட்டி விடுங்கள். சட்டத்தை ஹேர் டிரையரால் இளஞ்சூடாக்குங்கள். கையில் பொறுக்கக்கூடிய சூடு போதும். அடையாளக் கோட்டுக்கு நேராக வைசரை வைத்து முன்முனையை முதலில் அழுத்தி, பிறகு பின்முனையை அழுத்தி, நடுவில் உள்ள தாளை மெல்ல இழுத்துக்கொண்டே கட்டைவிரலால் அழுத்தியபடி நகருங்கள். ஒவ்வோர் இடத்திலும் முப்பது விநாடியாவது பலமாக அழுத்தினால்தான் பசை பெயின்ட்டின் நுண்பள்ளங்களுக்குள் பரவும். ஒருமுறை ஒட்டியதைப் பிய்த்து மீண்டும் ஒட்டாதீர்கள். பிய்த்த டேப் பழைய பிடியைத் தராது.

ஒட்டி முடித்த இருபது நிமிடத்தில் அந்தப் பிடி ஏறத்தாழ பாதி வலுவையே எட்டியிருக்கும். 24 மணி நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கும், 72 மணி நேரத்தில் முழு வலுவும் வரும். ஆகவே முதல் நாள் வண்டியை வேகமாக ஓட்டாமலும், மூன்று நாள்கள் கழுவாமலும் இருங்கள்.

ஓட்டிப் பார்த்தல்

நான்காம் நாள், முன்பு சோதித்த அதே சாலையில், அதே திசையில், அதே அதிகாலை நேரத்தில் ஓட்டிப் பாருங்கள். நண்பகலுக்குப் பின் கடற்காற்று பக்கவாட்டில் வீசும்போது எடுத்த முடிவை அதிகாலை முடிவோடு ஒப்பிட முடியாது. துடிப்பு குறைந்து, புதிதாக ஒரு விசில் சத்தம் கேட்டால், முன்முனையில் மெல்லிய இடைவெளி இருக்கிறது என்று பொருள். அந்த இடத்தைச் சூடாக்கி மீண்டும் அழுத்துங்கள்.

கழற்ற நேர்ந்தால் ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள். பெயின்ட் உரிந்து, உப்புக் காற்றில் அந்த இடம் விரைவில் துருப்பிடிக்கும். டேப்பை இளஞ்சூடாக்கி, காசிமேட்டில் கிடைக்கும் தூண்டில் நரம்பை வைசருக்கும் சட்டத்துக்கும் நடுவே செலுத்தி, ரம்பம்போல் முன்னும் பின்னும் இழுத்தால் நுரை அறுந்து வைசர் கையோடு வந்துவிடும். ஒவ்வோர் ஆண்டும் மழை தொடங்கும் முன், புரட்டாசி மாதத்தில், முன்முனைக்கு அடியில் ஒரு விசிட்டிங் கார்டைச் செருகிப் பாருங்கள். அது உள்ளே நுழைந்தால், வேறு எதையும் யோசிக்காமல் வைசரைக் கழற்றிப் புது டேப்பில் ஒட்டிய பிறகே நெடுஞ்சாலைக்கு எடுத்துச் செல்லுங்கள்.