பாலைவன கோல்ஃப் மைதானத்தில் முதல் சுற்று: டிபிசி ஸ்காட்ஸ்டேல், குழி குழியாக

அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேல் நகரில் இருக்கும் டிபிசி (டூர்னமென்ட் பிளேயர்ஸ் கிளப்) ஸ்டேடியம் கோர்ஸ் 1986-ல் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர்கள் டாம் வைஸ்காஃப், ஜே மோரிஷ். 1987 முதல் ஃபீனிக்ஸ் ஓபன் போட்டி இங்கேதான் நடக்கிறது. இது பொது மைதானம். கட்டணம் கட்டி நேரம் பதிந்துகொண்டால் யாரும் ஆடலாம். பாலைவன கோல்ஃபைப் புதிதாகக் கற்பவர்களுக்கு இதை எடுத்துக்காட்டாக வைக்கக் காரணம் அதுதான்.

சாதாரண மைதானத்தில் பந்து கோணலாகப் போனால் உயரமான புல்லில் விழும், தேடி எடுத்து அடிக்கலாம். இங்கே புல் முடிந்த இடத்தில் சரளைக்கல், கள்ளி, வறண்ட ஓடை. ஃபேர்வேக்கு (குழியை நோக்கிப் போகும் வெட்டிய புல்தரை) வெளியே போகும் ஒவ்வொரு பந்தும் ஓர் அடியாவது பிடுங்கிக்கொள்ளும். ஆகவே டீயில் (ஒவ்வொரு குழிக்கும் முதல் அடி அடிக்கும் இடம்) நின்று எந்தக் கிளப்பை (மட்டையை) உருவுகிறீர்கள் என்பதில்தான் பாதி ஸ்கோர் இருக்கிறது. கீழே வரும் எல்லாமே அந்தத் தேர்வைச் சுற்றித்தான்.

புறப்படுவதற்கு முன்

முதலில் பயிற்சித் திடலில் உங்கள் 'கேரி' தூரத்தை அளந்துகொள்ளுங்கள். அதாவது, பந்து உருளும் தூரத்தை விட்டுவிட்டு, காற்றில் பறந்து தரையைத் தொடும் தூரம் மட்டும். டிரைவர் (மிக நீளமாக அடிக்கும் கிளப்), ஹைப்ரிட் (அதைவிடச் சிறியது), 7 ஐயன் (இரும்புக் கிளப், எண் கூடக் கூடத் தூரம் குறையும்) ஒவ்வொன்றிலும் பத்துப் பந்து அடியுங்கள். மிக நன்றாகப் போன இரண்டைக் கணக்கில் சேர்க்காமல் மற்ற எட்டுக்கும் சராசரி போடுங்கள். புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு, வாழ்நாளில் ஒரே ஒரு முறை அடித்த 230 கஜத்தைத் தன் தூரமாக எண்ணிக்கொள்வது. டீக்கும் ஃபேர்வேக்கும் நடுவே பாலை கிடக்கும் இடத்தில் அந்தக் கற்பனை எடுபடாது.

அடுத்தது எந்த டீயிலிருந்து தொடங்குவது. இந்த மைதானத்தின் கடைசி டீயிலிருந்து (குழிக்கு மிகத் தொலைவில் உள்ளது) மொத்த நீளம் 7,261 கஜம், பார் (ஆடி முடிக்க வேண்டிய அடிகளின் எண்ணிக்கை) 71. அது தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கானது. டிரைவரில் 200 கஜம் போகிறவர் 5,200 முதல் 5,400 கஜம் வரை உள்ள டீயைத் தேர்ந்தெடுப்பது நல்லது. வேறொரு கணக்கும் உண்டு: 5 ஐயனில் உங்கள் தூரத்தை 36-ஆல் பெருக்குங்கள், வருவது உங்களுக்கேற்ற மொத்த நீளம். 140 கஜம் என்றால் 5,040. முன் டீயில் ஆடுவதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. கீழே தருகிற தூரங்கள் எல்லாம் கடைசி டீயிலிருந்து. உங்கள் டீக்கான எண்ணை ஸ்கோர் அட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பையில் குறைந்தது ஒரு டஜன் பந்து இருக்கட்டும். பாலையில் கல் அடித்தால் கிளப்பின் முகம் கீறிவிடும், ஆகவே பழைய 9 ஐயன் ஒன்றைத் தனியாக வையுங்கள். அகலப் பல் சீப்பு ஒன்று, சிறிய இடுக்கி ஒன்று. சீப்பு எதற்கென்றால், 'சோயா' என்ற கள்ளியின் துண்டு லேசாகப் பட்டாலே துணியோடும் தோலோடும் ஒட்டிக்கொள்ளும். கையால் பிடுங்கினால் கையில் ஏறும். சீப்பைத் துண்டுக்கும் தோலுக்கும் நடுவே நுழைத்து ஒரே வீச்சில் தள்ளிவிட வேண்டும், மிச்சமிருக்கும் முள்ளுக்கு இடுக்கி. தண்ணீர் ஆளுக்கு 3 முதல் 4 லிட்டர். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் ஒவ்வொரு டீயிலும் இரண்டு மடக்கு குடியுங்கள். காற்று அவ்வளவு வறட்சி, வேர்த்தது தெரியாமலே உலர்ந்துவிடும். ஒன்பதாவது குழி முடிந்ததும் சன்ஸ்கிரீனை மறுபடி பூசுங்கள்.

பருவத்தையும் பார்க்க வேண்டும். கோடையில் மதிய வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். அப்போது விடிகாலை நேரத்தைத் தவிர வேறெதையும் பதியாதீர்கள். குளிர்காலத்தில் பெர்முடா புல் உறங்கிப்போவதால், இலையுதிர் காலத்தில் அதன்மேல் ரை புல் விதைப்பார்கள். அந்த வாரங்களில் இப்பகுதி மைதானங்கள் மூடியிருக்கும், திறந்த பிறகும் சில நாள் கார்ட்டை (கோல்ஃப் வண்டி) பாதையை விட்டு இறக்க விடமாட்டார்கள்.

மூன்று விதிகள்

ஒன்று. பாலைப் பகுதி சிவப்புக் குச்சி நட்ட அபராதப் பகுதியா, சாதாரணப் பகுதியா என்று அட்டையில் பாருங்கள், அல்லது ஸ்டார்ட்டரிடம் (ஆட்டத்தைத் தொடங்கி அனுப்பும் ஊழியர்) கேளுங்கள். இதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். சிவப்பு என்றால் பந்து அங்கே போனது உறுதியாகத் தெரிந்தாலே போதும், கண்டுபிடிக்கத் தேவையில்லை. எல்லையைக் கடந்த இடத்திலிருந்து இரண்டு கிளப் நீளத்துக்குள், குழிக்கு நெருங்காமல் பந்தை டிராப் செய்யலாம் (கையிலிருந்து கீழே விடலாம்), ஓர் அபராத அடி. குறியிடாத பாலை என்றால் தேட 3 நிமிடம்தான். கிடைக்காவிட்டால் பழைய இடத்துக்கே திரும்பி அபராதத்தோடு அடிக்க வேண்டும். அதனால் சந்தேகம் வந்த உடனே, 'புரோவிஷனல்' (தற்காலிகப் பந்து) என்று வாய்விட்டுச் சொல்லி இன்னொரு பந்தை அடித்துவிட்டுத்தான் டீயை விட்டு நகர வேண்டும். சொல்ல மறந்தால் அந்த இரண்டாவது பந்தே ஆட்டப் பந்தாகிவிடும்.

இரண்டு. கள்ளிக்கு இலவசச் சலுகை கிடையாது. கிலுகிலுப்பைப் பாம்பு, தேனீ, தீ எறும்பு போன்ற ஆபத்தான உயிர்கள் பக்கத்தில் இருந்தால் விதி 16.2-ன்படி அபராதமின்றித் தள்ளி வைக்கலாம். கள்ளிக்கு அது செல்லாது என்று விதியே சொல்கிறது. முள்ளுக்குப் பயந்து மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்கலாம், ஆனால் துண்டை எடுத்துக் கள்ளியின்மேல் போர்த்தினால் அபராதம். பந்து சகுவாரோக் கள்ளியில் உயரத்தில் குத்தி நின்றால், அது உங்கள் பந்துதான் என்று அடையாளம் தெரிய வேண்டும். தெரிந்தால் ஓர் அபராத அடியோடு, அதற்கு நேர் கீழே தரையிலுள்ள புள்ளியை வைத்து 'அன்பிளேயபிள்' (ஆட முடியாத பந்துக்கான சலுகை) எடுக்கலாம்.

மூன்று. தரையில் பதியாத கல்லை அகற்றலாம். 1999 ஃபீனிக்ஸ் ஓபனில் இதே மைதானத்தின் 13-வது குழியில் டைகர் வுட்ஸின் பந்துக்கு முன்னால் ஏறக்குறைய ஆயிரம் பவுண்டு எடையுள்ள பாறை கிடந்தது. பதியாத கல்தான் என்று நடுவர் சொல்ல, பார்வையாளர்கள் கூடித் தள்ளி உருட்டினார்கள். நீங்கள் கல்லை எடுக்கும்போது பந்து அசைந்தால் மட்டும் ஓர் அபராத அடி, பந்தைப் பழைய இடத்தில் வைக்க வேண்டும்.

பாம்பு பற்றி ஒரு வார்த்தை. கண்ணுக்குத் தெரியாத புதருக்குள்ளோ பாறை இடுக்கிலோ கையை விடாதீர்கள், கிளப்பால் இழுங்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது இங்கே நேர்ப்பொருளிலேயே பொருந்தும். பந்து போனால் போகட்டும்.

முதல் ஒன்பது

முதல் குழி 403 கஜம், பார் 4. உடம்பு இன்னும் சூடாகியிருக்காது. டிரைவரைத் தொடாமல் ஹைப்ரிடில் தொடங்குங்கள். 2-வது குழி (442) பார் 4, 3-வது (558) பார் 5. மூன்றிலும் ஒரே வேலை: டீயின் எந்த ஓரம் ஆபத்துக்கு அருகில் இருக்கிறதோ அந்த ஓரத்தில் டீ ஆணியைக் குத்தி, அதற்கு எதிர்ப்பக்கம் குறிவையுங்கள். வலப்பக்கம் பாலை என்றால் வல ஓரத்தில் குத்தி இடப்பக்கம் பார்த்து அடிக்க வேண்டும். அப்போது ஃபேர்வேயின் முழு அகலமும் உங்களுக்குக் கிடைக்கும்.

4-வது குழி (183) பார் 3. இங்கே கண் ஏமாற்றும். காற்று தெளிவு, பின்னால் மலை, இடையில் மரமில்லை, எனவே குழியில் நட்ட கொடி கிட்ட இருப்பதுபோலத் தெரியும். கண்ணை நம்பாமல் தூரமானியை நம்புங்கள். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 அடி உயரம் என்பதால் பந்து 2 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடுதல் தூரம் போகும், 150 கஜம் 152 ஆகும், அவ்வளவுதான். அதைவிட வெப்பம்தான் பெரிது. குளிர்காலக் காலையில் அடித்த 7 ஐயனும் கோடை மதியத்தில் அடித்த 7 ஐயனும் ஒரு கிளப் அளவுக்கு வேறுபடும்.

5, 6, 8, 9 நான்கும் நீளமான பார் 4 (470, 432, 475, 453). 7-வது 215 கஜ பார் 3. புதியவர்கள் இவற்றில் பார் எடுக்கப் பார்க்க வேண்டாம். மூன்று அடியில் கிரீனை (குழியைச் சுற்றி மிகக் குட்டையாக வெட்டிய புல்தரை) அடைந்து இரண்டு பட் (பந்தை உருட்டும் அடி) போட்டால் 5. அதுவே நல்ல ஆட்டம்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் இந்த ஒன்பதுக்குள் ஒரு பந்தாவது சரளையில் போய் நிற்கும். அப்போது செய்ய வேண்டியது:

1. பந்தைச் சுற்றி ஒரு வட்டம் நடந்து, கிளப் பின்னால் போகவும் முன்னால் வரவும் இடம் இருக்கிறதா பாருங்கள். கிளைகளை ஒடித்து வழி செய்யக் கூடாது.
2. தரையைக் காலால் லேசாக அழுத்துங்கள். உள்ளே கல் உறுத்தினால் அடிக்கவே வேண்டாம், மணிக்கட்டு போய்விடும்.
3. கிரீனை மறந்து, புல்லுக்கு மிகக் குறுகிய வழியைத் தேடுங்கள். பக்கவாட்டில் என்றாலும் சரி.
4. பழைய 9 ஐயனை எடுத்து, பந்தை நடுவுக்குச் சற்றுப் பின்னால் வைத்து, எடையை முன்காலில் சாய்த்து, கைகள் பந்துக்கு முன்னே இருக்க, அரை வீச்சு. முதலில் பந்து, பிறகு தரை.

சாண்ட் வெட்ஜ் (மணலிலிருந்து பந்தை எழுப்பும் கிளப்) இங்கே ஏன் தோற்கிறது? அதன் அடிப்பாகம் மணலில் வழுக்கிச் செல்வதற்காக வளைந்திருக்கும். கெட்டித் தரையில் அது எகிறி, கூர் விளிம்பு பந்தின் வயிற்றில் படும். பந்து கிரீனைத் தாண்டி எதிர்ப்பக்கப் பாலைக்குப் போய்விடும்.

அடிக்க முடியாது என்றால் அன்பிளேயபிள் எடுங்கள். பக்கவாட்டில் இரண்டு கிளப் நீளமும் கள்ளியாக இருந்தால், குழியையும் பந்தையும் இணைக்கும் நேர்கோட்டில் பின்னால் எவ்வளவு தூரமும் போகலாம். ஓர் அடியோடு தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று ஏற்றுக்கொள்பவர் 6 எழுதுவார். முள்ளுக்குள் நின்று மல்லுக்கட்டுபவர் 9 எழுதுவார். ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) இன்னும் வாங்காதவருக்கு ஒரு குழியின் உச்சவரம்பு பார்+5. அதை எட்டினால் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு நகருங்கள், பின்னால் வருபவர்கள் காத்திருக்கிறார்கள்.

பின் ஒன்பது

10 (428) நேரான வேலை. 11 (472) பார் 4-ல் இடப்பக்கம் நெடுக ஏரி, வலப்பக்கம் பாலை. டிரைவரில் பந்து வளைந்து போகிறவர்கள் இங்கே கட்டாயம் சிறிய கிளப். தண்ணீரா பாலையா என்று தேர்வு வந்தால், அட்டையில் பாலை சிவப்பா என்பதைப் பொறுத்து முடிவு செய்யுங்கள். குறியிடாத பாலை என்றால் தண்ணீரே மேல், அங்கே டிராப் நிச்சயம்.

12 (192) பார் 3, வலப்பக்கம் தண்ணீர். கொடி வலப்பக்கம் இருந்தால் அதைப் பார்க்கவே கூடாது. கிரீனின் இடப்பாதிதான் குறி.

13 (558) பார் 5-ல் ஃபேர்வே இரண்டாகப் பிரிகிறது, நடுவில் பாலை. எந்தப் பக்கம் என்று டீயிலேயே முடிவெடுங்கள். பாதி மனதோடு அடிக்கும் பந்துதான் நடுவில் விழும். 14 (490) மிக நீளமான பார் 4, நான்கு அடியில் கிரீன் ஏறினாலும் குற்றமில்லை.

15 (553) பார் 5. கிரீன் தீவுபோலத் தண்ணீருக்குள் இருக்கிறது. இந்தக் குழியைப் பின்னாலிருந்து கணக்கிட வேண்டும். நீங்கள் முழு வீச்சில் நம்பி அடிக்கும் வெட்ஜ் (குறுந்தூரக் கிளப்) தூரம் எது? 90 கஜம் என்றால், கடைசிக்கு முந்தைய அடி கொடியிலிருந்து 90 கஜத்தில் நிற்கும்படி வையுங்கள். 40 கஜம் வரை நெருங்கினால் அரை வீச்சு அடிக்க வேண்டியிருக்கும். தண்ணீருக்கு முன்னால் புதியவர்களின் அரை வீச்சு பெரும்பாலும் பாதியிலேயே தளர்ந்து நின்றுவிடும். கிரீனின் நடுப்பகுதிக்கான தூரத்தை எடுத்து அடியுங்கள்.

16 (163) பார் 3. போட்டி வாரத்தில் இதைச் சுற்றி ஆயிரக்கணக்கானோர் அமரும் அரங்கம் எழும். போட்டிக்குச் சில மாதம் முன்பே கட்டத் தொடங்கிவிடுவார்கள் என்பதால் குளிர்காலத்தில் வருபவர்கள் அதற்குள் நின்றே ஆடலாம். உள்ளே காற்று தெரியாது, ஆனால் பந்து இருக்கைகளுக்கு மேலே எழுந்ததும் காற்று பிடிக்கும். உள்ளே நுழையுமுன்பே, 15-வது கிரீன் கொடி எந்தப் பக்கம் ஆடியது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கிரீனைச் சுற்றிப் பங்கர்கள் (மணல் நிரப்பிய பள்ளங்கள்) இருக்கின்றன. பங்கரில் பந்துக்கு முன்னாலோ பின்னாலோ கிளப்பை மணலில் ஊன்றக் கூடாது. பாலை மணல் பங்கர் இல்லை, அங்கே ஊன்றலாம். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம்.

17 (332) பார் 4. கிட்டத்தான் இருக்கிறது என்று ஆசைகாட்டும் குழி. 2001-ல் ஆண்ட்ரூ மாகி இங்கே டீயிலிருந்து ஒரே அடியில் பந்தைக் குழிக்குள் போட்டார். முன்னால் கிரீனில் இருந்த டாம் பைரமின் பட்டர் கிளப்பில் பட்டுத்தான் உள்ளே போனது. அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூரில் பார் 4 குழியில் ஒரே அடி என்று அது பதிவாகியிருக்கிறது. நமக்கு வேண்டியது அது இல்லை. கிரீனுக்கு இடப்பக்கமும் பின்னாலும் தண்ணீர். ஹைப்ரிடில் வலப்பக்கம் வைத்து, 90 முதல் 110 கஜம் மீதி வைத்து, வெட்ஜில் கிரீனின் முன்பாதிக்கு அடியுங்கள்.

18 (442) பார் 4. டீயிலிருந்தே இடப்பக்கம் ஏரி, அதைத் தாண்டினால் தேவாலய இருக்கைகள் போல வரிசையாகப் புல் மேடுகள் வைத்த பங்கர். உங்கள் டீயிலிருந்து ஏரியைத் தாண்டத் தேவையான கேரியைத் தூரமானியில் பாருங்கள். உங்கள் சராசரி கேரி அதைவிட 15 கஜமாவது கூடுதலாக இருந்தால் நேரே அடிக்கலாம். இல்லையேல் வலப்பக்கம் குறிவையுங்கள், நீளம் சற்றுக் கூடினாலும் பந்து புல்லில் இருக்கும். இரண்டாவது அடியை 100 கஜத்துக்குள் கொண்டுவந்து, மூன்றாவதில் கிரீன்.

ஆட்டம் முடிந்து கார்ட்டைத் திருப்பிக் கொடுக்குமுன், ஷூவின் அடிப்பாகத்தையும் பையின் அடிப்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். சோயாத் துண்டு ஏதாவது ஒட்டியிருந்தால் சீப்பால் அங்கேயே தள்ளிவிடுங்கள். காருக்குள் ஏறிவிட்டால் அதை இருக்கையிலிருந்து எடுப்பது பெரும்பாடு.