பழைய சிபிக்கு முன் போர்க்கும் பிரேக்கும்

என்னிடம் இருப்பது பழைய ஹொண்டா சிபி 125, முன் சில்லுக்கு டிஸ்க். மாங்குளத்தில் இருந்து முல்லைத்தீவுப் பக்கம் போகையில் பிரேக் பிடித்தால் மூக்குக் குத்தும். முதலில் போர்க்கை, அதாவது முன் சில்லைத் தாங்கும் ஸ்பிரிங் வைத்த இரு குழாய்களைப் பாருங்கள், பிரேக்கை மட்டும் கூட்டினால் இன்னும் மோசமாகக் குத்தும்.

இயந்திரத்துக்குக் கீழே கட்டை வைத்து முன் சில்லைத் தூக்குங்கள். போர்க்கைப் பிடித்திருக்கும் மேல் கிளாம்ப் நட்டைத் தளர்த்திய பிறகே போர்க் மூடியைக் கழற்றுங்கள். உள்ளே ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கும், முகத்தை விலக்கி வையுங்கள். பழைய ஒயிலை முழுதாக வடியுங்கள். எனக்குச் சேறு மாதிரித்தான் வந்தது, எங்கள் செம்மண் புழுதி, ஒயில் கசியாமல் தடுக்கும் றப்பர் சீலைத் தின்றுவிடும். சீல் இரண்டையும் மாற்றி, புது ஒயில் ஊற்றி, ஸ்பிரிங் இல்லாமல் போர்க்கை அமுக்கி, இரு பக்கமும் ஒயில் மட்டத்தை ஸ்கேலால் ஒரே அளவாக வையுங்கள். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அதன் மேலே 10 மில்லிமீற்றர் நீளப் பிவிசி குழாய்த் துண்டு போதும்.

அப்புறம் பிரேக். பழைய றப்பர் பிரேக் ஹோஸ் அழுத்தத்தில் ஊதிப் பருக்கும், எஃகு வலை பின்னிய ஹோஸ் போட்டால் லீவரிலேயே வித்தியாசம் தெரியும். ஹோஸ் இணைப்பு வொஷர்களைப் புதிதாகப் போடுங்கள். டொட் 4 பிரேக் திரவம் பெயின்ரை உரிக்கும், பட்டால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள். பிரேக் திரவத்தில் இருக்கும் காற்றை வெளியேற்றும்போது, அதற்கான நிப்பிளை மூடிய பிறகே லீவரை விடுங்கள். நான் அவசரப்பட்டு அரை நாள் பாழாக்கினேன்.