மொறிஸ் மைனரில் பிரேக் காற்று எடுப்பது: முதலில் சூவை இறுக்குங்கள்

ஏ9 வீதியால் போகிறவர்கள் முறிகண்டிப் பிள்ளையாரடியில் இறங்கிக் கும்பிடாமல் போவது அரிது. நானும் நிறுத்தத்தான் காலை வைத்தேன். பெடல் எதிர்ப்பே இல்லாமல் கீழே போனது. இரண்டாம் முறை மிதித்த பிறகுதான் பிடித்தது. தேங்காய் உடைத்துவிட்டு, கச்சான்கூட வாங்காமல், இரண்டாம் கியரிலேயே வீடு வந்து சேர்ந்தேன்.

மொறிஸ் மைனர் 1000 காரில் நான்கு சில்லுகளுக்கும் ஒரே எண்ணெய் வழிதான். ஓரிடத்தில் ஒழுகினால் நான்கும் போய்விடும்; மிஞ்சுவது கைப்பிரேக் மட்டுமே. ஆகவே பெடல் இறங்கத் தொடங்கினால் அன்றே காரை நிறுத்திவிடுங்கள்.

நான் மூன்று தடவை காற்று எடுத்தேன், அதாவது பிரேக் எண்ணெய்க்குள் சிக்கிய காற்றை வெளியேற்றினேன். இரண்டு போத்தல் எண்ணெய் முடிந்தது. பெடல் மட்டும் அதே இடத்தில்தான் நின்றது. காற்று போகவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் சூக்கள், அதாவது சில்லோடு சுற்றும் டிரம்மின் உட்புறத்தில் உரசிப் பிடிக்கும் கட்டைகள், தேய்ந்து டிரம்மை விட்டு விலகியிருந்தன. அந்த இடைவெளியைக் கடக்கவே பெடலின் பாதித் தூரம் செலவாகிக்கொண்டிருந்தது.

எனவே நிப்பிளை (காற்று வெளியேறத் திறக்கும் சிறு திருகை) தொடுவதற்கு முன் பெடலைக் கேளுங்கள். விரைவாக இரண்டு மூன்று முறை மிதித்ததும் உயர்ந்து கல்லாக நின்றால், பெரும்பாலும் சூவின் இடைவெளிதான். எத்தனை முறை மிதித்தாலும் பஞ்சுபோல அமுங்கினால் உள்ளே காற்று இருக்கிறது. காலை அழுத்தி வைத்திருக்கும்போதே மெல்ல மெல்லக் கீழே போனால், எங்கோ ஒழுகுகிறது, அல்லது பெடல் மிதிக்கும்போது எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் றப்பர் கப் போய்விட்டது. இந்த மூன்றாவதற்குக் காற்று எடுத்துப் பயனில்லை.

ஸ்பானர் பற்றி ஒரு சொல். இந்தக் கார் அங்குல அளவில் செய்யப்பட்டது. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். 13 ஸ்பானர் அழகாகப் போய் உட்காரும்; இறுகிக் கிடக்கும் தலையின் முனைகளை மழுக்கியும் விடும். அங்குல அளவில் ஆறு முகமுள்ள ரிங் ஸ்பானர் ஒன்றுக்குக் காசு செலவழியுங்கள். பூட்டு ஸ்பானரால் நிப்பிளைத் திருகவே வேண்டாம். மற்றவை எளிது: மீன் தொட்டிக்குப் பூட்டும் தெளிந்த குழாய், ஒரு கண்ணாடிப் போத்தல், மருந்துக் கடையில் வாங்கிய பெரிய ஊசிக்குழல், முத்திரை உடைக்காத டொட் (DOT) 3 அல்லது டொட் 4 தரப் பிரேக் எண்ணெய். இந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டொட் 4 எண்ணெய் 230 பாகை செல்சியஸ் வரையாவது கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155 வரை இறங்கலாம். போன மாரிக்கு முன் திறந்து வைத்த போத்தலை எறிந்துவிடுங்கள்.

மண்ணெண்ணெயைப் பக்கத்திலேயே வைக்க வேண்டாம். போர்க்காலத்தில் பெற்றோல் தடை இருந்தபோது மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஊர் இது. எதைக் கழற்றினாலும் மண்ணெண்ணெயில் கழுவும் பழக்கம் நம் கைகளில் ஊறிவிட்டது. இஞ்சின் பாகங்களுக்கு அது சரி. பிரேக்கின் றப்பர் கப்பில் பட்டால் ஊதி, சிலிண்டருக்குள் இறுகிவிடும். றப்பரைப் புதிய பிரேக் எண்ணெயால் மட்டும் கழுவுங்கள்.

காரைத் தூக்கும்போது ஜக்கை மட்டும் நம்பி வேலை செய்யாதீர்கள். நான் அகலமாக அறுத்த பாலைமரக் குற்றிகளைக் காரின் உறுதியான இடங்களின் கீழ் வைக்கிறேன். தரையில் நிற்கும் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள்.

இனி என்னை அலைக்கழித்த படி. கைப்பிரேக்கை விடுவித்துச் சில்லைக் கழற்றுங்கள். டிரம்மின் முகத்தில் ஒரு துளை இருக்கும். டிரம்மை மெதுவாகச் சுற்றினால் அந்தத் துளைக்குள் வெட்டுள்ள ஒரு திருகு தெரியும். அதுதான் சூவை நகர்த்தும் திருகு. முன் சில்லுகளில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு, பின் சில்லுகளில் ஒவ்வொன்று, ஆக ஆறு. முன்னால் இரண்டு இருப்பது எனக்குத் தெரியாது. ஒன்றைத் திருகிவிட்டு முடிந்தது என்று நினைத்தேன். டிரம்மை அரைச் சுற்றுச் சுற்றினால்தான் மற்றையது தெரியும். திருப்புளியால் வலமாகத் திருகுங்கள். ஒவ்வொரு பல்லாக "டிக்" என்று விரலுக்குத் தெரியும். டிரம் அசையாமல் பிடிக்கும் வரை திருகி, அப்படியே விடுங்கள். ஆறையும் இப்படி இறுக்கிய பின்தான் காற்று எடுக்க வேண்டும். சூ அசையாதபோது மிதிக்கும் மிதி முழுவதும் எண்ணெயைத் தள்ளவே போகும். டிரம்மைக் கழற்ற நேர்ந்தால் உள்ளே இருக்கும் தூளை ஊதாதீர்கள். பழைய சூக்களில் கல்நார் இருக்கலாம். ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தளத்துக்குக் கீழே இருக்கிறது. விரிப்பைத் தூக்கினால் சிறு மூடி. அதற்குக் கீழே எண்ணெய் ஊற்றும் அடைப்பு. நம் ஊர்ச் செம்மண் புழுதி முழுவதும் அந்தக் குழியில்தான் சேர்ந்து கிடக்கும். ஒரு துகள் உள்ளே விழுந்தால் போதும், கப் கீறிவிடும். நான் விரிப்பை வெளியே எடுத்து, ஈரத் துணியால் இரண்டு தரம் துடைத்து, சைக்கிள் பம்பால் அடித்து, மறுபடி துடைத்த பிறகே அடைப்பைத் திறக்கிறேன். சோளகம் வீசும் நாளில் இந்த வேலையை எடுக்கவே வேண்டாம். ஊசிக்குழலால் எண்ணெய் விடுங்கள். பெயின்ரில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

வலப்பக்கச் சாரதி உள்ள நம் கார்களில் மிகத் தொலைவு பின் இடச் சில்லு. அங்கே தொடங்கிப் பின் வலம், முன் இடம், முன் வலம் என்று வாருங்கள். குழாயின் ஒரு முனை நிப்பிளில், மறுமுனை போத்தலில் உள்ள எண்ணெய்க்குள் மூழ்கியிருக்கட்டும்.

பெடலில் அக்காவின் மகன் இருந்தான். "மிதி" என்றால் மெதுவாக மிதிக்க வேண்டும். நான் நிப்பிளைக் கால் சுற்றுத் திறப்பேன், எண்ணெய் வரும், பூட்டுவேன். "விடு" என்ற பிறகே காலை எடுக்க வேண்டும். முதல் நாள் அவன், "மாமா, கால் நோகிறது" என்று இடையில் விட்டுவிட்டான். குழாயில் வெளியே வந்த குமிழ் அப்படியே உள்ளே திரும்பிப் போனதைக் கண்ணால் பார்த்தேன். அதன் பிறகு நான் சொன்னதை அவனும் திருப்பிச் சொல்ல வைத்தேன். பெடலின் கீழ் ஒரு மரத்துண்டும் வைத்தேன். பழைய சிலிண்டரில் கப் வழக்கமாகப் போகாத அடிப்பகுதி துருப்பிடித்திருக்கும்; பெடலை அடிவரை மிதித்தால் கப் அங்கே போய்க் கிழிபடும்.

முதலில் வருவது பிளேன்ரீ நிறத்தில் இருக்கும். பிறகு பெரிய குமிழ்கள், பிறகு கடுகளவு குமிழ்கள். கடைசியில் குழாய் முழுவதும் தெளிந்து நிற்கும். ஐந்து மிதிக்கு ஒரு தரம் மாஸ்டர் சிலிண்டரைப் பார்த்து நிரப்புங்கள். அது சிறியது, வற்றினால் மீண்டும் முதலிலிருந்துதான்.

முடிந்ததும் ஒவ்வொரு திருகையும் ஒரு பல் பின்னே விடுங்கள். டிரம் தடையின்றிச் சுற்ற வேண்டும். மெல்லிய உரசல் ஒலி இருக்கலாம். பிறகு வளவுக்குள்ளேயே நடை வேகத்தில் பத்துத் தடவை நிறுத்திப் பாருங்கள். மாடு குறுக்கே படுத்திருக்கும் மாங்குளம் வீதியில் முதல் சோதனை வேண்டாம்.

பின்னர் சேர்த்தது: மல்லாவியிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். எல்லாம் செய்தாராம், பெடலும் நன்றாக இருக்கிறதாம், ஆனால் சில கிலோமீட்டர் ஓடியதும் நான்கு சில்லுகளும் இறுகிச் சூடேறுகின்றனவாம். ஒரு சில்லு மட்டும் என்றால் அந்தச் சில்லில் பாருங்கள். நான்கும் என்றால் பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும் கம்பி அளவுக்கு மீறி நீளமாக வைக்கப்பட்டிருக்கிறது. பிஸ்டன் முழுதாகத் திரும்பாததால் எண்ணெய் திரும்பும் சிறு துளை மூடியே கிடக்கிறது. சூடாகி விரியும் எண்ணெய்க்குப் போக வழியில்லை. கம்பியின் பூட்டு நட்டைத் தளர்த்திச் சற்றுக் குறுக்குங்கள். நட்டை இறுக்கிய பின் பெடலைக் கையால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். கம்பி பிஸ்டனைத் தொடும் முன் சிறு தளர்வு விரலுக்குத் தெரிய வேண்டும்.