புது டயருக்குப் பணம் கொடுக்கும் முன் அதில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

போன வருடம் காருக்கு இரண்டு டயர் மாற்றினேன். கறுப்பாகப் பளபளவென்று இருந்தது, கடையில் புதுசு என்றார்கள், மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் வண்டி கழுவும்போதுதான் கவனித்தேன், அது தயாராகி நான்கு வருடம் ஆகியிருந்தது. ஓடாத டயர்தான், ஆனால் சும்மா கிடந்தாலும் ரப்பர் இறுகிக்கொண்டேதான் போகும். அதனால் உங்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது தேதி, அளவெல்லாம் அப்புறம்.

முதல் படி: டயரின் பக்கவாட்டில் 'டிஓடி' (DOT) என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். அதன் கடைசியில், பெரும்பாலும் நீள்வட்டமான ஒரு பள்ளத்துக்குள், நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம், அதாவது ஜூன் தொடக்கம். இந்த நான்கு இலக்கம் பல டயர்களில் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும், அந்தப் பக்கம் உள்ளே போய்விட்டால் வண்டிக்கு அடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டும். ஆகவே ரிம்மில் ஏற்றுவதற்கு முன்பே கையில் வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் பரவாயில்லை.

அடுத்தது அளவு. 185/65 ஆர்15 88எச் என்று இருந்தால், 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 பலரைக் குழப்பும், அது மில்லிமீட்டர் இல்லை, சதவீதம்: அகலத்தில் 65 சதவீதம் பக்கவாட்டின் உயரம், அதாவது சுமார் 120 மில்லிமீட்டர். ஆர் என்றால் ரேடியல், அதாவது டயரின் உள்கட்டமைப்பு வகை, 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

மிச்சமிருக்கும் 88எச்சைத்தான் நிறையப் பேர் பார்ப்பதே இல்லை. 88 ஒரு குறியீட்டு எண், சரியான காற்றழுத்தத்தில் அந்த ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்று பொருள். அதுவே 82 என்றால் 475 கிலோதான். எச் என்பது வேக வரம்பு, மணிக்கு 210 கிலோமீட்டர். டி (T) என்றால் 190. வண்டியோடு வந்த டயரில் இருந்ததைவிட இந்த இரண்டும் குறையக் கூடாது, விலை மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

காற்று விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சில டயர்களில் அதிகபட்ச அழுத்தம் 51 பிஎஸ்ஐ என்று எழுதியிருக்கும். அது டயர் தாங்கும் உச்ச அளவு, நீங்கள் அடிக்க வேண்டிய அளவு ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். பங்க்கில் அதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் டயருக்கு, பக்கவாட்டின் மேல் விளிம்பில் 'டிடபிள்யூஐ' (TWI, தேய்மானக் குறி) அல்லது சின்ன முக்கோணம் தெரிகிறதா பாருங்கள். அதற்கு நேராக, தரையைத் தொடும் பகுதியில் உள்ள பள்ளத்துக்குள் ஒரு மேடு இருக்கும், உயரம் 1.6 மில்லிமீட்டர். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். மழையில் ஓட்டுபவர் என்றால் அதற்கும் முன்பே மாற்றுங்கள், தண்ணீர் வெளியேற அந்தப் பள்ளம் போதாது.

சரி, இவ்வளவும் பார்த்தபின் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியின் நான்கு இலக்கத்தையும் படித்துவிடுங்கள். தேயாமல் அப்படியே இருந்தாலும், பத்து வருடம் தாண்டியிருந்தால் அதையும் மாற்றுங்கள்.